சேதக் கணக்கு

ஜூலையில் விழுந்த ஆலங்கட்டிக்கு
செப்டம்பரில் வந்து நிற்கிறேன்,
காப்பீட்டுக் கம்பெனியின் பச்சைத் தொப்பியோடு.
தொலூக்காவிலிருந்து இரண்டு பஸ்,
ஒரு வைக்கோல் லாரியின் பின்பக்கம்,
பிறகு கால்.

ஹெர்லிந்தா செகுந்தோ.
ஒன்றேகால் ஹெக்டேர், வெள்ளை மக்காச்சோளம், மானாவாரி.
வரப்பில் நின்று என் ஷூவைப் பார்த்தாள்.
"இதைப் போட்டுக்கொண்டா உள்ளே வரப் போகிறீர்கள்?"

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
ஆலங்கட்டி. பூச்சி. நோய். களை.
ஐந்தாவதாக 'பிற',
அதற்கு அரை அங்குலம்தான் இடம்.

முதல் சாலிலேயே தடுமாற்றம்.
காலடியில் பருப்புக்கீரை, கொழுத்த தண்டோடு.
களை என்று எழுதக் குனிந்தேன்.
அதற்குள் இரண்டு பிடி கிள்ளி
மடியில் போட்டுக்கொண்டாள்.
ராத்திரிக்கு ஆயிற்று.
எழுதியதை அடித்தேன்.

கிழிந்த தோகைகள் முகத்தில் உரசுகின்றன.
யாரும் விதைக்காத காஸ்மாஸ்
இடுப்புயரத்துக்கு இளஞ்சிவப்பாய்ப் பூத்து
எண்ணிக்கையைக் கெடுக்கிறது.

ஏழாம் சாலில் ஒன்று
சோளம் போலவே, சோளம் இல்லாமல் நிற்கிறது.
தண்டில் செம்மை, உறையில் பூனைமயிர்.
கதிர் இருக்க வேண்டிய இடத்தில்
கருங்கல்லைக் கோத்த மாதிரி ஏழெட்டு விதை.
கடித்தால் பல் போகும்.
தியோசிந்தே.
எல்லாச் சோளத்தையும் பெற்றவள் இவள்தான் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
அதே பயிற்சியில், கண்டதும் பிடுங்கச் சொன்னார்கள்.
ஹெர்லிந்தா பிடுங்கினாள்.
"கழுதைக்கு."
பெற்றவளைக் களை என்று எழுதக்
கை கொஞ்சம் கூசியது.
எழுதினேன்.

அப்போதுதான் பக்கத்துச் சாலில்
காற்றே இல்லாமல் ஒரு செடி நடுங்கியது.
ஒரு சாண் இறங்கியது.
நின்றது.
இன்னொரு சாண்.
தோகை, பூக்குலை, உச்சியில் உட்கார்ந்திருந்த வண்டு
எல்லாம் சேர்ந்து
கிணற்றுக்குள் வாளி போவது போல
மண்ணுக்குள் போயிற்று.
வண்டு மட்டும் கடைசி நிமிஷத்தில் பறந்தது.

வளை எலி. இங்கே தூசா என்பார்கள்.
ஹெர்லிந்தா அந்தக் குழிக்குள் வாயை வைத்து
மசாவா மொழியில் ஏதோ சொன்னாள்.
எனக்கு அந்த மொழி தெரியாது.
புரிந்தது.
அரை அங்குலத்தில் எழுதினேன்:
செடி கீழே போய்விட்டது.

வயலின் நடுவில்தான் நோய்.
கல் அடித்த காயத்தின் வழியே
கரிப்பூட்டை நுழைந்திருக்கிறது.
உறையை உரித்தால் மணிக்குப் பதில் வீக்கம்,
ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்,
வெளியே வெள்ளித் தோல், உள்ளே மை.
நூற்றுக்கு முப்பத்தொரு கதிர்.
முழுச் சேதம் என்று எழுதி
நிமிர்ந்தபோது மூக்கில் ஏறியது
நனைந்த மண்ணும் காளானும் கலந்த வாசனை.

அது செடியிலிருந்து வரவில்லை.
வரப்போரம், ஈரச் சாக்குக்கு அடியில்
மூன்று கூடை.
விடியலில் அறுத்தது.
காவலுக்கு ஒரு நாய்,
அதற்கும் என் ஷூ பிடிக்கவில்லை.

நோய் இங்கே சாப்பாடு.
ஞாயிற்றுச் சந்தையில்
ஒரு கிலோ கரிப்பூட்டைக்கு
ஏழு கிலோ சோளத்தின் விலை.

அவள் மறைக்கவில்லை.
"கல் விழுந்தது பொய்யா?"
இல்லை.
"சோளம் போனது பொய்யா?"
இல்லை.
"அப்புறம்?"

அப்புறம் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நாய் கொட்டாவி விட்டது.
தூரத்தில் இன்னொரு செடி நடுங்கத் தொடங்கியது.
நான் அரைக்கிலோ கேட்டேன்.
முழு விலை வாங்கினாள்,
ஒரு பெசோ குறைக்கவில்லை.
பிறகு பேனாவை வாங்கி
கோடு பிசகாமல் கையெழுத்திட்டாள்.

தாளில் அவள் விரல் பட்ட இடமெல்லாம்
கறுப்பு.
மறுநாள் மேலாளர் விளக்கடியில் பிடித்துப் பார்த்து
என்ன கறை இது என்றார்.

ஆலங்கட்டி என்றேன்.